மஞ்சள் எழுத்து, கறுத்த ஓரம்

வெள்ளை எழுத்து வெள்ளைச் சட்டையின் மேல் விழுந்தால் தெரியாது, சார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

பாறசாலை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் என் வீடு. முன்னறையில் டிவிடி படங்களை விசிடியாக மாற்றிக் கொடுக்கும் கடை வைத்திருந்தேன். இந்தத் தொண்ணூற்றொன்பதில் டிவிடி வாங்கி வைத்திருப்பவர்கள் ஊரில் எத்தனை பேர்? விசிடி என்றால் எல்லா வீட்டிலும் ஓடும். மாற்றும்போது படமும் பாட்டும் நன்றாகவே வந்துவிடும். கீழே ஓடும் வசன எழுத்துதான் கெட்டுப்போகும். டிவிடியில் அது நான்கு நிறங்களால் ஆன சின்னப் படம். எழுத்துக்கு ஒரு நிறம், ஓரத்துக்கு ஒன்று, இரண்டும் சேருமிடத்தில் மங்கலாக ஒன்று, பின்னால் ஒன்று. எந்த இடத்துக்கு எந்த நிறம் என்பது மாற்றும்போது தவறிப்போகும். ஓரமில்லாத வெறும் வெள்ளை எழுத்து வரும். வானம், வேட்டி, சுவர், எதன் மேல் வந்தாலும் காணாமல் போகும்.

அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியாமல் இல்லை. தேவைப்படவில்லை.

என் மனைவி ஆனந்தலட்சுமிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. திருவனந்தபுரத்தில் தங்கிப் படித்தவள்; இங்கிலீஷும் மலையாளமும் வாசிப்பாள். கல்யாணத்தின்போது அவள் அப்பா காதில் வைக்கும் கருவி ஒன்று வாங்கித் தந்தார். வெறும் இரைச்சல்தான் கேட்கும் என்றார்கள். அவளுக்குத் தலை வலிக்குமே என்று நான் அதை மிதித்து உடைத்தேன்.

சாயங்காலம் இருவரும் படம் பார்ப்போம். எழுத்து மறையும் இடத்தில் அவள் என் கையைத் தொட்டு முகத்தைப் பார்ப்பாள். நான் சைகையில் சொல்லிக் கொடுப்பேன். சில படங்களின் கதையைக் கொஞ்சம் மாற்றியும் சொல்வேன். புருஷனை விட்டுப் போகிறவள் திரும்பி வந்துவிட்டாள் என்பேன். நம்புவாள். அவள் அப்பா போனில் அவளைக் கூட்டிவரச் சொல்லும்போதெல்லாம், இப்போது வரவேண்டாம் என்கிறார் என்று சொன்னேன். அதையும் நம்பினாள். ஒருமுறை பக்கத்து வீட்டு ஓமனாவிடம் சைகையில் ஏதோ சொல்லிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் கதவைச் சாத்தினேன். அவள் விரல் இரண்டு கதவிடுக்கில் இருந்தன. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவளுக்காக நானே பதில் சொன்னேன். எங்களுக்குள் அவ்வளவு நெருக்கம்.

கடையில் வேலை கூடியபோது ராஜதாஸைச் சேர்த்துக்கொண்டேன். பக்கத்து ஊரான காரோட்டைச் சேர்ந்தவன், கல்ஃபில் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்துத் திரும்பியவன். கல்யாணமானவன், ஒழுக்கமானவன். அவன் மேல் எனக்கு ஒரு வெறுப்பும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனந்தலட்சுமி டிவியை ஒட்டி உட்கார்ந்து கண்ணைச் சுருக்குவதை ஒருநாள் அவன் பார்த்துவிட்டான். "அண்ணா, அக்கா எப்பிடி வாசிக்கியாவ? எழுத்து ஒண்ணும் தெளியல்லியே" என்றான். விட்டுவிடச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. வேலை ஒழிந்த நேரமெல்லாம் நிறங்களை மாற்றி மாற்றிப் பதிவு செய்து அவளுக்குப் போட்டுக் காட்டினான். சிவப்பு டிவியில் கசிந்தது. நீலம் இருட்டில் அமுங்கியது. அடர்ந்த மஞ்சள் கண்ணைக் கூசவைத்தது. கடைசியில் வெளிறிய மஞ்சள் எழுத்து, கறுத்த ஓரம், நடுவில் பாதிக் கறுப்பு என்று வைத்தான். அவள் தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் அவள் என் கையைத் தொடவே இல்லை. பழைய படம்தான், நான் முன்பே கதை சொல்லியிருந்த படம். முடிவில் அந்தப் பெண் திரும்பி வரவில்லை. ஆனந்தலட்சுமி கடைசி வரி வரை வாசித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம், கடை சாத்தியிருந்தது. அவள் உள்ளறையில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜதாஸ் மீதிப் படங்களையும் மாற்ற வந்திருந்தான். வேலை செய்துகொண்டே சந்தோஷமாகச் சொன்னான்: "இனி அக்காவுக்கு ஒங்ககிட்ட ஒண்ணும் கேக்க வேண்டிய காரியம் இல்ல, அண்ணா. அவ்வளவு தெளிவாக்கும்."

ஸ்டெபிலைசர் இரும்புப் பெட்டி, நல்ல கனம். பிளக்கைப் பிடுங்கி இரண்டு கையாலும் தூக்கினேன். முதல் அடியில் அவன் மேசையில் கவிழ்ந்தான். திரும்பி 'அண்ணா' என்று சொல்லப் பார்த்தான். பாதிதான் வந்தது. அந்த வாயிலேயே அடித்தேன். பிறகும் அடித்தேன். முகம் என்று எதுவும் மிஞ்சாதபோதும் கால் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. கேபிள் வயரைக் கழுத்தில் சுற்றி, முதுகில் முழங்காலை ஊன்றி, கால் அடங்கும்வரை இழுத்தேன். சத்தத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்த வீட்டில் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

ஆனால் உள்ளறை டிவியும் அதே ஸ்டெபிலைசரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. படம் நின்றதும் அவள் எழுந்து வந்திருக்கிறாள். நான் நிமிர்ந்தபோது நிலைப்படியில் நின்றாள். தலை சுற்றி விழுந்துவிட்டான் என்று சைகையில் சொன்னேன். அவள் என் கையிலிருந்த வயரைப் பார்த்தாள். அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அவனைப் பின்பக்கத்தில், உள்ளறை ஜன்னலுக்கு நேராக இருக்கும் பாழுங்கிணற்றில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து ராஜதாஸின் மனைவி சுகிர்தபாய் போலீசோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வரவேயில்லை என்றேன். எஸ்.ஐ. கருணாகரன் என் மனைவியையும் விசாரிக்க வேண்டும் என்றார். அவளுக்குக் கேட்காது, அவள் சொல்வதை நான் எடுத்துச் சொல்கிறேன் என்றேன். அவரும் சம்மதித்தார்.

அவள் அவர் எதிரில் போய் நின்றாள். இரண்டு கையாலும் கனமான எதையோ தூக்குவதுபோல் தூக்கி, கீழே இறக்கினாள். மறுபடியும் தூக்கி இறக்கினாள். கழுத்தைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் இழுத்துக் காட்டினாள். வளைந்துபோன அந்த விரலால் கிணற்றைக் காட்டினாள். பிறகு என்னை.

கான்ஸ்டபிள் போய் வாசலை மறித்து நின்றார். சுகிர்தபாய் கிணற்றை நோக்கி ஓடினாள். எஸ்.ஐ. என்னையே பார்த்துக்கொண்டு, "அவ என்ன பறையுதா?" என்று கேட்டார்.

"நான் இல்லாம அவளுக்கு ஒண்ணும் முடியாதுன்னு பறையுதா, சாரே" என்றேன்.

கொன்றது நான்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அவள் கையால் சொன்னதற்கு அர்த்தம் நான் எஸ்.ஐ.யிடம் சொன்னதுதான், சார். அவள் கையைப் படிக்க இந்த ஊரில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.