ராசாத்தி சொன்ன மீதிக் கதை

இரவு பத்தேமுக்கால். ரெட்டிபாளையத்திலிருந்து அரியலூர் வருகிற ரோடு. லாரிகள் ஓய்ந்து, ரோட்டோர மரங்களில் படிந்த சிமெண்டுத் தூசி மட்டும் வெளுப்பாகத் தெரிகிற நேரம். சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கிற குருமூர்த்தி, ஷிப்டு முடிந்து பைக்கில் தனியாக வந்துகொண்டிருந்தார். அவசரமே இல்லை. வீட்டில் யாரும் இல்லை... ராசாத்தி போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

பிள்ளையில்லாத வீடு அது. புருசனுக்கும் பெண்சாதிக்கும் டிவிதான் துணை. தினம் ஒரு படம், இல்லையென்றால் ஏதாவது தொடர். குருமூர்த்தி பாதியில் தூங்கிவிடுவார். காலையில் அவர் பல் விளக்கும்போது ராசாத்தி பக்கத்தில் வந்து நின்று மீதிக் கதையைச் சொல்வாள். கூடவே தன் தீர்ப்பையும். “நாலு நாளா ஆஸ்பத்திரியில கெடக்குறா, ஒரு முடி கலையல பாருங்க” என்பாள். எட்டுப் பாகம் வந்த தொடரை, மூன்றோடு முடித்திருக்கலாம், ஜவ்வாக இழுத்துவிட்டார்கள் என்பாள். குருமூர்த்திக்குப் படங்களின் முடிவெல்லாம் அவள் வாயால் கேட்டதுதான்.

ஐப்பசித் தூறலில், கீழப்பழுவூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பியவளை ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ரோட்டோரப் பள்ளத்தில் கிடந்தவளை விடிந்துதான் பார்த்தார்கள். இடித்ததுமே உயிர் போயிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மனுசன் நடமாடினார்.

காரியமெல்லாம் முடிந்தபின், வீட்டின் அமைதி தாங்காமல் ஒருநாள் டிவியைப் போட்டார். வழக்கம்போல பாதியில் தூங்கிவிட்டார். காலையில் பிரஷ்ஷை வாயில் வைத்தவருக்கு... முழுக்கதையும் தெரிந்திருந்தது. அந்த அம்மாக்காரி முதலிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்ற அபிப்பிராயம்கூட.

கூட வேலை பார்க்கிற அய்யம்பெருமாளிடம் அன்றைக்கு அதைச் சொன்னார். அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார். கதை அப்படியே ஒத்துப்போனது. அண்ணன் தேறிவிட்டார் என்று அய்யம்பெருமாளுக்குச் சந்தோஷம். இப்படியே ஆறேழு படம் ஓடியது. தான் தூங்கிப்போவதைக் குருமூர்த்தி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்ற பயம்.

ஷிப்டு முடிந்து பைக்கில் தனியாக வந்த அந்த ராத்திரி, வீடு வந்து சேர்ந்தவர் புதிதாக ஒரு படத்தைப் போட்டார். ஒரு பெண் ராத்திரியில் தனியாக வீடு திரும்புகிற கதை. பாதிப் படத்தில் கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி... ஓய்ந்தது. அதிசயமாக அன்று தூக்கம் வரவில்லை. இருட்டில் பாயில் கிடந்தார்.

டக்.

நிலக்கடலைத் தோட்டை உடைக்கிற சத்தம். டக்... டக். வறுத்த கடலை வாசம். படம் பார்க்கும்போது ராசாத்தி மடியில் கடலையைக் கொட்டிக்கொண்டு இப்படித்தான் உடைப்பாள்.

குருமூர்த்தி திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, “அப்புறம்?” என்றார்.

அவள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

மறுநாள் ஆலையில் குருமூர்த்தியின் முகத்தைப் பார்த்து அய்யம்பெருமாள் பதறிப்போனார். என்ன என்று கேட்டதற்கு, ராத்திரி போட்ட படத்தின் பெயரைச் சொல்லி, அதன் முடிவு என்ன என்று திருப்பிக் கேட்டார் குருமூர்த்தி.

“அந்தப் பொண்ணு நல்லபடியா வூடு வந்து சேந்துடும்ணே.”

“இல்ல. பள்ளத்துல கெடக்கா. உசுரு இருக்கு. கையெட்டாத தூரத்துல போன் கெடக்கு. நாலு தடவ அடிக்குது.”

அப்படி ஒரு காட்சியே அந்தப் படத்தில் இல்லை என்றார் அய்யம்பெருமாள்.

அது ராத்திரி இருட்டில் ராசாத்தி வந்து சொன்ன கதை என்றார் குருமூர்த்தி. பிறகு, போலீசிடமும் மச்சினியிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னார். அந்த ராத்திரி ராசாத்தியை நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார். அவள் எடுக்கவில்லை. மழைக்குத் தங்கச்சி வீட்டிலேயே தங்கிவிட்டாள் போல, ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபம். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்... தூங்கிவிட்டார்.

அய்யம்பெருமாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடைசியில், அண்ணி வேறு ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார்.

குருமூர்த்தி தலையைத் தூக்காமலே சொன்னார்.

“போன் அடிச்சு ஓஞ்ச கொஞ்ச நேரத்துல ஒரு ஆளு சைக்கிள்ல அந்தப் பக்கமா வந்தானாம். புருசங்காரன் இன்னும் ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாம்னு சொன்னா.”