ஒன்றுமில்லை என்று அச்சான இடம்

மேய்ச்சல் சங்கத் தலைவர் மஹ்த்தே அவர்களே, போதகர் அவர்களே, லெமெத் பியேராவைப் புதைத்துவிட்டு வந்த என் மக்களே! பதினோரு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், போதும். நேற்றைய இரங்கல் கூட்டத்தில் நான் எழுந்தபோது, "காபி ஆறுதுப்பா, முடிச்சுக்கலாம்" என்றார் தலைவர். ஆகவே எழுதுகிறேன்.

பியேரா நல்ல பனிமான் மேய்ப்பர் என்றீர்கள். முப்பது வசந்தம் நடந்து நடந்து அவர் திருத்திய வரைபடத்தைப் பற்றி ஒருவராவது பேசினீர்களா?

நூறாண்டுக்கு முன் தெற்கிலிருந்து வந்த ராணுவ அளவைக்காரர்களுக்குக் கருவிப் பெட்டி சுமந்தவர் பியேராவின் தாத்தா. இரண்டு ஆறுகளுக்கு நடுவே கைகாட்டி, அங்கே என்ன என்று கேட்டார்கள். பனிமான் கன்று ஈனும் இடத்தை வெளியாளிடம் சொல்வது நம் வழக்கமா? "ஒண்ணுமில்ல" என்றார். அவர்கள் வரைபடத்தில் அப்படியே வெறுமையாக அச்சாயிற்று! உயரக்கோடுகள் உண்டு, சதுப்பு உண்டு. நாம் மட்டும் இல்லை.

அந்த வெள்ளை இடத்தைத்தான் சுரங்கக்காரர்கள் கேட்டார்கள். பதினோரு ஆண்டுக்கு முன் நடந்த விசாரணைக்குப் பியேரா தாம் திருத்திய வரைபடத்தைக் கொண்டுவந்தார். எந்தச் சரிவில் பனி முதலில் உருகும், பெண் மான்கள் எங்கே ஒதுங்கும், எல்லாம் பென்சிலில்.

"சுருட்டி வைங்க பெரியப்பா. ஊரான் முன்னாடி இதைக் காட்டலாமா?" என்றார் மஹ்த்தே.

"அவன் தோண்டிட்டா அப்புறம் காட்ட என்னடா இருக்கும்?" என்றார் பியேரா.

எல்லோரும் சிரித்தீர்கள். அதை அதிகாரிகளுக்கு விளக்கக்கூடிய ஒரே ஆள், ஓஸ்லோவில் நில அளவை படித்த நான், பக்கத்தில்தான் இருந்தேன். பியேரா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஏன்? "படிச்சவரே, மலை உம்ம மேசையில இருக்கு, காலுல இல்ல" என்று முந்தைய குளிர்காலத்தில் உங்கள் எதிரே என்னைக் கிண்டல் செய்திருந்தார். அவ்வளவுதான்! சுரங்கக்காரர்களுக்குத் துளையிட்டுப் பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது.

களைத்துவிட்டேன், மக்களே. உங்கள்மேல் கோபப்பட்டுக் களைத்தேன். என்மேல் கோபப்பட்டும் களைத்தேன். இப்போது சுரங்கமே தோண்டக் கேட்கிறார்கள்; ஆட்சேபம் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி நாள். பியேராவின் மகள் ரிஸ்டின் வரைபடத்தை என்னிடம் கொடுத்திருக்கிறாள். வழக்கத்தை மீறி அதை அலுவலகத்தில் விரிப்பேன். ஒவ்வொரு பென்சில் கோட்டையும் விளக்குவேன். அந்த மனுவில் என் முழுப்பெயர் இருக்கும்.

இந்த உரையைக் கூட்டுறவுக் கடைக் கதவில் ஒட்டப்போகிறேன். எழுதியவர் யாரென்று உங்களுக்குத் தெரியாமல் போகாது. ஆனாலும் அடியில் பெயர் போடவில்லை. போட்டால், வெள்ளிக்கிழமை வரை என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள்.