ஆணியடிக்கும் துப்பாக்கியும் அறைத்தோழர் உமாபதியும்

காயல்பட்டினத்துக் கரையில் பிறந்து, துபாய் தேராவிலே துணிக்கடை வைத்து, தமிழன் என்று வந்து நின்றவன் எவனையும் தேநீர் கொடுக்காமல் அனுப்பியறியாத விழாத் தலைவர் கௌஸ் முகைதீன் காக்கா அவர்களே! விடியற்காலையிலேயே வந்து, அண்டாவை அடுப்பிலேற்றி, முந்நூறு பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டி, கிண்டிய கையின் வலியைச் சொல்லாமல் சிரித்த முகத்தோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் ஜுலைஹா பீவி அம்மா அவர்களே! அவர்களோடு அமர்ந்திருக்கும் அன்னையரே, அக்கா தங்கையரே! வாரத்தில் கிடைக்கும் ஒரே வெள்ளிக்கிழமை விடுப்பையும் வண்டமிழுக்கு வழங்கிவிட்டு, ஜெபல் அலி தொழிலாளர் கேம்பிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்திருக்கும் என் தோழர்களே! உங்கள் பாதங்கள் பட்ட இந்த மன்றத்துக்கு என் பணிவான வணக்கம்.

என்ன தம்பி? "சுருக்கமா முடிங்கண்ணே, பஸ்ஸு போயிரும்" என்கிறாயா? முடிக்கிறேன். இன்றைக்கு நீ சொல்லாவிட்டாலும் நான் நீட்ட முடியாது.

எனக்குத் தந்த தலைப்பு 'பொங்கலும் புதுவாழ்வும்'. அதை ஓரமாக வைத்துவிடுகிறேன். தலைவர் மன்னிக்க வேண்டும். எனக்கு முன்னால் பேசிய அருமைத் தம்பி விஜயபாஸ்கர், பாலைவனத்திலே துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் வேலை பார்ப்பவர், அரைமணி நேரம் துப்பாக்கியின் அழகைப் பேசினார். அக்ரூட் மரக்கட்டை என்றார், வழவழப்பு என்றார், கையில் எடுத்தால் கைக்குழந்தை போல் கிடக்கும் என்றார். நீங்களும் கை வலிக்கத் தட்டினீர்கள். நான் தேநீர் வேளையில் அவரைத் தனியாகப் பிடித்து, "தம்பி, உங்களை மாதிரி ரசிகர்களுக்குப் பிடிக்காத துப்பாக்கி ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டேன்.

"ஒண்ணா ரெண்டா அண்ணே! ஓட்டப்பந்தயத்துல சத்தம் மட்டும் போடுமே, அது. கப்பல்காரன் ஆபத்துன்னா ஆகாசத்துல வெளிச்சம் விடுவானே, அது. பிளாஸ்டிக் பிடி புடிக்காது. பளிச்சுன்னு கலர் அடிச்சிருந்தா புடிக்காது. குறி பாக்க முனையில ஒண்ணும் இல்லேன்னா அது துப்பாக்கியே இல்ல. அதைவிடக் கொடும, பாதுகாப்பு பாதுகாப்புன்னு விசையப் பூட்டி வெச்சிருப்பான் பாருங்க, அதத் தொடவே மனசு வராது" என்றார்.

தம்பி, நீங்கள் அடுக்கிய அத்தனை குறையும் ஒன்றாய்க் கூடிய ஒரு துப்பாக்கி உண்டு. அதை ஒன்பது வருடமாய் ஸ்டோர் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தவன் நான். இங்கே முன்வரிசையில் ஃபால்ஸ் சீலிங் வேலை பார்க்கும் தோழர்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆம், ஆணியடிக்கும் துப்பாக்கி!

அதற்குக் குழல் உண்டு, விசை உண்டு, உள்ளே மருந்து அடைத்த நிஜத் தோட்டா உண்டு. ஆனால் குறி பார்க்க வழியில்லை. கான்கிரீட்டில் மூக்கை வைத்து முழு பலத்தோடு அமுக்கினால்தான் வெடிக்கும். ஆகாயத்தை நோக்கி அழுத்தினால் அசையாது. பறவையைச் சுடாது, பகைவனைச் சுடாது, பரிசு வாங்கித் தராது. இந்த ஊரின் உயர்ந்த கட்டடங்களில் நீங்கள் அண்ணாந்து பார்க்கும் அழகான கூரையெல்லாம் அது அடித்த ஆணியில்தான் தொங்குகிறது. அதை யார் பாடினார்கள்? யார் பாராட்டினார்கள்? யார் அதைத் துப்பாக்கி என்றுதான் மதித்தார்கள்?

நாம் மதிக்கவில்லை. ஆனால் சட்டம் மதித்தது, தோழர்களே. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உமாபதியை உங்களுக்குத் தெரியும். பெரம்பலூர் பக்கம். என் அறையில் எனக்கு மேல்கட்டிலில் படுத்திருந்தவன். போன வருடப் பொங்கலுக்கு இதே மேடைக்குத் தோரணம் கட்டியவன். பெயரைச் சொன்னதும் சிலர் முகம் திரும்புகிறது, பார்க்கிறேன். திரும்புங்கள், காது இங்கேயே இருக்கட்டும்.

அந்தத் துப்பாக்கியின் தோட்டா தனித்தனியாய் வராது. சிவப்புப் பிளாஸ்டிக் பட்டையில் பத்துப் பத்தாய் வரிசை கட்டி வரும். தீபாவளிக்குப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் போட்டுச் சுடும் கேப்பு இருக்கிறதே, அச்சாய் அதே தோற்றம். பட்டையில் பாதி சுட்டு மீதி இருந்தால் அதை ஸ்டோரில் திருப்பித் தரவேண்டும். ஸ்டோர்காரன் தண்ணீர் வாளியில் ஊறப்போட்டு, அழித்தேன் என்று சீட்டில் கையெழுத்திட்டு, அதற்கென்று வரும் ஆட்களிடம் ஒப்படைக்க வேண்டும். இதுதான் முறை. எனக்கு நன்றாகத் தெரிந்த முறை.

மூன்று வருடம் கழித்து லீவு கிடைத்தது உமாபதிக்கு. தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் விமானம். மகள் பானுப்பிரியாவுக்கு நான்கு வயது. கைப்பிள்ளையாய் விட்டு வந்தவன், நடந்து வரும் பிள்ளையைப் பார்க்கப் போகிறான். கடைசி நாள் டூட்டி முடிந்து, துப்பாக்கியையும் மீதிப் பட்டையையும் ஜன்னலில் வைத்தான்.

"அண்ணே, எம்புள்ளைக்குப் பொம்மத் துப்பாக்கி வாங்கிட்டேன். இதப் பாத்தா கேப்பு கணக்கா இருக்கே, அதுல சேருமாண்ணே?" என்றான்.

"சேராதுடா, வேற சைஸு."

"சும்மா கையில வெச்சு வெளாடும்ணே. செவப்பா அழகா இருக்கு."

அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? "கழுத, இது தோட்டாடா, ஏர்போர்ட்டில பிடிச்சா உள்ள போயிருவ" என்று அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. ஒன்பது வருடம் தொட்டுத் தொட்டு, அது தோட்டா என்பதே மறந்து போயிருந்தது. ஊருக்குப் போகிறவனுக்கு ஒன்றைக் கொடுத்து, வள்ளல் என்று பெயர் வாங்க ஆசை. "எடுத்துக்கடா, கலாஸ், முடிஞ்சுது" என்று பட்டையை அவன் சட்டைப் பையில் செருகினான். சீட்டில் 'அழித்தேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

அந்த ஸ்டோர் கீப்பர் வேறு யாருமில்லை. இந்த வெங்கட்ராமன்தான்.

சத்தம் போடாதீர்கள். இருங்கள். முழுதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? அவன் மனதில் கனமில்லை, பயமில்லாமல் போனான். பொம்மையோடு பட்டையையும் வைத்திருந்த பெட்டி எக்ஸ்ரேயில் நின்றது. அதிகாரி பட்டையை எடுத்து, "யே க்யா ஹை?" என்று, இது என்னவென்று இந்தியில் கேட்டார். அவனுக்கு இந்தியும் அரைகுறை, அரபியும் அரைகுறை. சிரித்தான். பிள்ளைக்கு என்று சொல்ல நினைத்து, "பச்சா, பச்சா" என்றான். சொல்லிவிட்டு, விரலைத் துப்பாக்கி போல் நீட்டி, "டிஷ்யூம்" என்று காட்டினான். அதிகாரி இடத்தில் யார் இருந்தாலும் பிடித்துத்தான் வைப்பார்கள். நாட்டைக் குறை சொல்லாதீர்கள், அவர்கள் கடமையைச் செய்தார்கள்.

கம்பெனியைக் கேட்டார்கள். "எங்கள் தோட்டா எல்லாம் முறைப்படி அழிக்கப்பட்டது, அது எங்களுடையதல்ல" என்று கடிதம் போனது. அந்தக் கடிதத்துக்கு ஆதாரம் எது? என் சீட்டு! என் கையெழுத்து! அந்த ஒரே கையெழுத்தில் என் தம்பி எங்கிருந்தோ தோட்டா கடத்தியவன் ஆகிவிட்டான்.

போன மாதம் இதே மன்றம் கூடி, "நம்ம பேரைக் கெடுத்தவன்" என்று அவன் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. கை தூக்கச் சொன்னார்கள். எத்தனை கை எழுந்தது என்று எண்ணினீர்களே, அதில் ஒன்று என் கை. அதை இப்போது பார்த்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவன் மனைவி மாரியம்மாள் எனக்குத்தான் போன் செய்தாள். "அண்ணே, அவரு குண்டு கொண்டாந்தாருன்னு ஊரே பேசுது. பட்டாசு கொளுத்துனாக்கூட வீட்டுக்குள்ள ஓடுற மனுசன். நீங்க கூட இருந்தவுக, நீங்களே சொல்லுங்க, அவரு அப்படிப்பட்ட ஆளா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. நாலு மணி நேரம் மூச்சு விடாமல் மேடையில் முழங்குகிறவன் என்று என்னைச் சொல்வீர்களே, அந்த வாய்தான்.

காக்காவோடு ஜெயிலுக்குப் பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான், பாதி ஆளாய். காக்கா வக்கீலைப் பார்க்க எழுந்து போனதும் போனை எடுத்து மெல்லச் சொன்னான்: "அண்ணே, பயப்படாதீக. உங்க பேரச் சொல்லல. கீழ கெடந்துச்சு, எடுத்தேன்னு சொல்லிட்டேன். உங்களுக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்குல்ல."

ஐயோ! அவன் என்னை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டிருப்பேன். என் பிள்ளைகளை நினைத்தான், தோழர்களே. தன் பிள்ளையைப் பார்க்க முடியாதவன் என் பிள்ளைகளை நினைத்தான்!

யாரது பின்னால்? "அப்பவே ஏன்யா சொல்லல?" என்றுதானே கேட்டாய்? கேள், உரக்கவே கேள். பயம் தம்பி. வேலை போகும், விசா போகும், நானும் உள்ளே போவேன் என்கிற பயம். இரண்டு முறை கோர்ட் வாசல் வரை போனேன். முதல் முறை பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. இரண்டாம் முறை காவலர் "என்ன வேணும்?" என்று கேட்டார். "வழி தவறி வந்துட்டேன் பாய்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். தனியாய் இருக்கும்போது நான் எப்பேர்ப்பட்ட கோழை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இந்த ஊரில் கோர்ட் திறக்கும் நாள், அவன் வழக்கு மீண்டும் வருகிறது. வக்கீலிடம், யாரோ ஒருவனைப் பற்றிக் கேட்பது போல் கேட்டேன். "கொடுத்தவன் வந்து சொன்னால் ஒருவேளை உதவலாம், உறுதியில்லை. இரண்டு பேரும் உள்ளே இருக்கவும் நேரலாம்" என்றார். பெரிய நம்பிக்கையோடு நான் இங்கே நிற்கவில்லை. நியாயம் வெல்லும் என்று நூறு மேடையில் கூவியிருக்கிறேன். இன்று கூவ வாய் வரவில்லை. அவன் இழந்த தீபாவளியை யார் தருவது? இன்று பொங்கலை நாம் தின்றோம், அவன் என்ன தின்றான்?

பிறகு ஏன் கோர்ட்டில் சொல்ல வேண்டியதை மேடையில் சொல்கிறேன்? பேச்சுக்காரன் கைதட்டலுக்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். இல்லை. மூன்றாம் முறையும் நான் ஓடிவிடுவேன். அதனால்தான் முந்நூறு பேரைச் சாட்சி வைத்தேன். இனி எந்தக் கேம்பில் போய் முகத்தை ஒளிப்பேன்?

காக்கா, உங்களிடம் மூன்று மாதம் மறைத்தேன். மன்னிக்கச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியில் எனக்கு ஓர் இடம் வையுங்கள். நடுச் சீட்டில் வையுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு தோழர்கள் உட்காரட்டும். வழியில் எங்கே நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாலும் நிறுத்தாதீர்கள்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், பொங்கல் தந்த அன்னைக்கும், என்னைப் பொறுக்காமல் எழுந்து போன தோழர்க்கும் என் நன்றி. தயவுசெய்து யாரும் கை தட்டாதீர்கள். வணக்கம்.