ஒரு வாய்த் தண்ணீர்

மதியம் மூன்று மணி. மதியம் என்று பெயர்தான்... கும்மிருட்டு. டிசம்பரில், வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் சூரியனை எதிர்பார்ப்பவன் பைத்தியக்காரன். ஊரிலிருந்து விமானத்திடலுக்குப் போகும் சாலை. ஒரு பக்கம் உறைந்துபோன கடற்குடா, இன்னொரு பக்கம் கல்லறை மேடு. நடுவில் ஒரு பெண், தனியாக, பனிவண்டியில். பின்னால் இழுத்துவரும் சறுக்குவண்டியில் ஒரு வெள்ளைப் பெட்டி. அவள் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை.

பெயர் ஊலாயு. என் கூட்டாளி பாவ்லூசி இருக்கிறானே, அவனுடைய அண்ணி. அதனால் இது எவனோ அளந்த கதை இல்லை. சந்தேகம் இருந்தால் நாளைக்கு அவனையே கேட்டுப் பாருங்கள். எழுந்து போய்விடுவான்... அது இருக்கட்டும். முதலில் அந்தக் கெட்டிலை நிரப்பி அடுப்பில் வையுங்கள். காலிக் கெட்டிலை வைத்துக்கொண்டு இந்தக் கதையைக் கேட்கக்கூடாது.

பெட்டியில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் கடல் உறைவதற்கு முன்னால் சீல்கள் கரையேறிச் செத்தன. திட்டுத் திட்டாக முடி கொட்டி, வாயோரம் புண் வைத்து... பார்க்கச் சகிக்காது. அதைத் தின்றவர்களில் சிலருக்கும் தொண்டையில் புண், விடாத காய்ச்சல். சீலை விட்டால் நமக்கு வேறு சோறு ஏது? தெற்கிலிருந்து பிரிஜிட் என்ற ஆராய்ச்சிக்காரி வந்தாள். நல்லவள்தான், குறை சொல்லக்கூடாது. மிருகத்துக்கும் மனிதனுக்கும் வந்திருப்பது ஒரே கிருமியா என்று பார்க்க வேண்டும். சீலின் வாயையும் அதைத் தின்றவர்களின் வாயையும் பஞ்சுக்குச்சியால் துடைத்து, மருந்துத் தண்ணீர் உள்ள ட்யூபில் போட்டு அனுப்புங்கள் என்றாள். அந்த வேலைக்கு ஊலாயுவைப் பழக்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். ஒரே ஒரு கண்டிப்புதான். துடைக்கும் முன் வாயில் தண்ணீர் படவே கூடாது. பட்டால் கிருமி கழுவிக்கொண்டு போய்விடும்.

அங்கேதான் வினை வந்து உட்கார்ந்தது.

சீலைக் கொன்றதும் நாம் என்ன செய்வோம்? பனியை அள்ளி வாயில் போட்டுக் கரைத்து, அந்த நல்ல தண்ணீரைச் சீலின் வாயில் விடுவோம். பிறந்ததிலிருந்து உப்புக்குள்ளேயே கிடந்த ஜீவன். ஒரு வாய் நல்ல தண்ணீருக்கு ஏங்கித்தான் நம் கையில் வந்து மாட்டுகிறது. அதைக்கூடக் கொடுக்காதவன் என்ன மனிதன்?

ஐப்பிலிக் கிழவர் இதைத்தான் கேட்டார். ஊலாயுவின் புருஷன் ஜூசிப்பிக்கு அவர் பெரியப்பா. ஊருக்கே மூத்த வேட்டைக்காரர். வாயும் கொஞ்சம் நீளம்.

“அம்மாடி, ஒன் பஞ்சுக்குச்சி குளிக்க மட்டும் ட்யூப் ட்யூபா தண்ணி வெச்சிருக்க. இந்த வாயில்லா ஜீவனுக்கு ஒரு சொட்டு விட மனசு வரலியா?”

“குடுக்க வேணாம்னா சொன்னேன், மாமா? மொதல்ல நான் தொடச்சு எடுத்துக்கறேன். எடுத்ததும் குடுங்க.”

“செத்தது காத்துக்கிட்டு இருக்கும்னு ஒங்க தெற்கத்தி மகராசி சொன்னாளாக்கும்?”

“காத்திருக்கட்டுமே. எந்திரிச்சு ஓடியா போகப்போகுது?” என்று அவளும் சிரித்தாள்.

பனிவெளியில் துடைத்தால் ட்யூப் உறைந்து வெடித்துவிடுகிறது. அதனால் தலைகளை வெட்டி அவள் கொட்டகைக்கே கொண்டுவந்து அடுக்கினார்கள். அவள் துடைத்தாள், மூடினாள், அடுத்ததை எடுத்தாள். எடுத்ததும் கொடுக்கலாம் என்றாளே, அந்த ‘எடுத்ததும்’ வரவே இல்லை. ஒரு தலைக்கும் தண்ணீர் விடவில்லை. அவள் நம் பெண்தான், தெரியாமல் செய்யவில்லை. கொஞ்சம் பொறுத்துச் செய்தால் என்ன என்று நினைத்தாள், வேலையில் மறந்தாள். அவ்வளவுதான்.

அவளுக்கு அந்த ட்யூப்கள் மேல் அத்தனை பிடிவாதம் ஏன் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நோய் என்று தெரிவதற்கு முன்னால் அவளும் ஆசை ஆசையாகச் சீல் ஈரலைப் பச்சையாகத் தின்றிருந்தாள். வயிற்றுப் பிள்ளையின் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. என்ன கிருமி என்று தெரிந்தால்தான் மருந்து என்று நர்ஸ் கையை விரித்துவிட்டாள். பெட்டி போய்ச் சேர்ந்தால் பிள்ளை பிழைக்கும். இல்லையென்றால்... அவள் அதற்கு மேல் நினைக்க மாட்டாள்.

இப்படியிருக்கும்போது ஐப்பிலிக்கே காய்ச்சல் கண்டது. வெளியே புயல். நோயாளியை ஏற்றிப்போக விமானம் வர வழியில்லை. நர்ஸின் சின்ன ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். பிரிஜிட் போனில் சொன்னாள்: இவ்வளவு முற்றிய நோயாளி இதுவரை கிடைக்கவில்லை, இவர் வாயிலிருந்து ஒன்று சரியாக எடுத்துவிட்டால் போதும், அரை மணி நேரம் மட்டும் ஒன்றும் குடிக்கவிடாதே.

நர்ஸ் அடுத்த அறையில் ஒரு பிரசவத்தில் இருந்தாள். கிழவரோடு ஊலாயு மட்டும்தான்.

“தண்ணி...”

“இதோ மாமா. எடுத்ததும் தரேன்.”

கையோடு ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி, தயாராக மேசைமேல் வைத்தாள். பாவி, அவர் கண்ணெதிரிலேயே வைத்தாள். கிழவர் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பிரிந்து, ஒட்டி... சப்... சப்... அந்தச் சத்தம் மட்டும்.

“முடிஞ்சுதா? இப்ப குடிக்கலாமா?”

“இன்னும் கொஞ்சம் மாமா. கண்ண மூடிக்குங்க.”

நேரம் ஆனதும், “வாயத் தெறங்க” என்றாள். அவர் முகத்தை இடது பக்கம் திருப்பி, வாயை நன்றாகப் பிளந்தார். அவள் திரும்பி உறையைக் கிழித்துக் குச்சியை எடுத்தாள். மறுபடி பார்க்கும்போது வாய் திறந்தபடியே இருந்தது. மூச்சு இல்லை.

அழுதுகொண்டே துடைத்தாள். ஆமாம், துடைத்தாள். ட்யூபை மூடினாள். அதற்குள் நர்ஸ் ஓடிவந்தாள், ஜூசிப்பி வந்தான், ஊரே வந்து அழுதது. கிளாஸ் மேசைமேலேயே இருந்தது.

புயல் விட்ட மறுநாள்தான் அந்த மூன்று மணி. அந்தச் சாலை.

கல்லறை மேட்டுக்கு நேராக வந்ததும் வண்டி இருமியது. நின்றுவிட்டது. அவள் என்ஜின் கயிற்றை இழுத்தாள். ஊஹூம். காற்றுகூட இல்லை, தன் கோட்டு உரசுவதே பெரிய சத்தமாகக் கேட்டது.

பிறகு பின்னாலிருந்து... சப்... சப்...

பெட்டியிலிருந்து வந்தது.

அவள் திரும்பவில்லை. சீல் எண்ணெய் வாடை வந்தது. அதற்குள்ளே காய்ச்சல்காரன் வாய் நாற்றம். அப்புறம், ஃபூ...ஹ். பனியில் மூச்சுவிடும் துளைக்கு வந்து சீல் மூச்சை விடுமே, அந்தச் சத்தம். குடாப் பக்கம் கேட்டால் பரவாயில்லை, நம் வயிற்றுப்பாடே அந்தச் சத்தத்தை நம்பித்தானே. இது மேட்டுப் பக்கம், கல்லும் மண்ணும் இருக்கிற பக்கம் கேட்டது. ஃபூ...ஹ். அதற்கு இந்தப் பக்கம் இன்னொன்று. அதற்கும் கிட்டே இன்னொன்று. எத்தனை தலைகளைத் துடைத்தாளோ, அத்தனையும் சுற்றி நின்று மூச்சு விட்டன.

“முடிஞ்சுதா?” காதோரம்தான் கேட்டது. “இப்ப குடிக்கலாமா?”

அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். கோட்டுக்குள் பிளாஸ்க் நிறைய வெந்நீர் இருக்கிறது. பெட்டியைத் திறந்து ஊற்றினால் போதும். ஆனால் திறந்தால் அந்தக் குளிரில் ட்யூப் எல்லாம் உறைந்து வெடிக்கும். கை பெட்டியின் கயிற்று முடிச்சு வரைக்கும் போய்விட்டது. அப்போது வயிற்றில் பிள்ளை உதைத்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு, ஓங்கி ஒரு உதை. கை தானாகப் பின்னால் வந்தது.

“என் புள்ள மாமா... என் புள்ள! பிளேன் போகட்டும். போனதும் தரேன், சத்தியமா தரேன்.”

என்ஜின் கயிற்றை இழுத்தாள். ஒரே இழுப்பில் வண்டி கிளம்பியது. விமானத்திடலில் பெட்டியைக் கொடுத்துவிட்டுத் தொண்டையை நனைக்கலாம் என்று பிளாஸ்க்கை எடுத்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே சூடு இருந்தது. தண்ணீர் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் சொல்லப்போகிறேன்?

அடுத்த வாரம் பிரிஜிட் போன் செய்தாள். குரலே சரியில்லை. “ஊலாயு, ஒரு ட்யூபும் ஒடையல. ஒட்டுன டேப்பு ஒட்டுனபடி இருக்கு. பெட்டியிலயும் ஈரம் இல்ல. ஆனா எந்த ட்யூப்லயும் ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பஞ்செல்லாம் யாரோ சப்பிப் போட்ட மாதிரி கெடக்கு. நீங்க என்னதான் செஞ்சீங்க?”

இவள் போனை வைத்தாள். கெட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுபோய் ஐப்பிலியின் கல்லறைக் கற்கள்மேல் ஊற்றினாள். வீசிய தண்ணீர் கீழே விழுமுன் உறைகிற குளிர் அது. கல்மேல் ஒரு பொட்டு ஐஸ் பிடிக்கவில்லை. ஊற்ற ஊற்றக் கல் காய்ந்தே இருந்தது.

பிள்ளை பிறந்தது. பெண். ஒரு குறையும் இல்லை, கொழுகொழுவென்று இருந்தது. ஜூசிப்பிக்குத் தலைகால் புரியவில்லை. ஆணோ பெண்ணோ, வீட்டில் கடைசியாகப் போனவரே திரும்பி வந்ததாக அவர் பெயரைத்தானே வைப்போம்? ஐப்பிலி என்றே வைத்தார்கள். “வாங்க பெரியப்பா, எங்கள வுட்டு இருக்க முடியலியா?” என்று அவன் மகளைத் தூக்கிக் கொஞ்சினான்.

ஊலாயு மார்பில் போட்டாள். குழந்தை குடிக்கவில்லை. அழவும் இல்லை. முகத்தை இடது பக்கம் திருப்பி, வாயை நன்றாகப் பிளந்து, அவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. சுண்டுவிரலை உள்ளே விட்டு, கன்னத்தின் உட்புறத்தை ஒருமுறை துடைத்தாள். அதன் பிறகுதான் குழந்தை குடித்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். பாலோ, தண்ணீரோ, சூப்போ. அவள் விரல் பட்டால்தான் இறங்கும். ஜூசிப்பி விரல் ஆகாது, நர்ஸ் விரல் ஆகாது. “பெரியப்பாவுக்கு ஒன்னச் சீண்டிப் பாக்கலன்னா தூக்கம் வராதே” என்று அவன் முதலில் சிரித்தான். பிறகு அவனும் சிரிப்பதை விட்டுவிட்டான். மூன்று வயதை நெருங்கியும் குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை.

கடல் உறையத் தொடங்கும் சமயம், ஊலாயுவுக்குப் பித்தப்பையில் கல். சுருண்டு விழுந்தவளை அப்படியே விமானத்தில் ஏற்றித் தெற்கே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தையைக் கூட்டிப்போக விடவில்லை. அன்று நின்றதுதான், குழந்தை வாயில் ஒன்றும் இறங்கவில்லை. உதடு வெடித்தது. கண் உள்ளே போனது. நர்ஸ் ஊசியில் ஏற்றப் பார்த்தாள், நரம்பே அகப்படவில்லை. அதுபாட்டுக்கு வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தது.

பாவ்லூசிதான் போன் போட்டான்.

“நான் கெளம்பிட்டேன்” என்றாள் ஊலாயு. “வந்ததும் தரேன்னு அவகிட்ட சொல்லு.”

“அண்ணி, தையல்கூடப் பிரிக்கல. காத்து வேற பேய் மாதிரி அடிக்குது. பெரிய பிளேனெல்லாம் நிறுத்திட்டான்.”

“சரக்கு பிளேன் ஒண்ணு வருது. கையக் காலப் புடிச்சு எடம் வாங்கிட்டேன்.” குரலைத் தாழ்த்தினாள். “ஒருத்தருக்குத் தரேன்னு சொல்லி ஏமாத்திட்டேன்டா பாவ்லூசி. இவளையும் ஏமாத்தவா?”

அன்று சாயங்காலம் வீட்டில் ஜூசிப்பி, பாவ்லூசி, நர்ஸ், கட்டிலில் குழந்தை. பாவ்லூசி தண்ணீர்க் கோப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. சரக்கு விமானம் குடாவுக்கு மேலே வந்தபிறகு அதனிடமிருந்து பேச்சு இல்லை என்றார்கள். குடா அப்போது பாதிதான் உறைந்திருந்தது, நடுவில் கறுப்புத் தண்ணீர். ஜூசிப்பி எழுந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

அப்போது வாசல் நடையில்... தப்... தப்... பூட்ஸிலிருந்து பனியைத் தட்டும் சத்தம்.

கதவு திறக்கவில்லை.

குழந்தை எழுந்து உட்கார்ந்தது. கதவுப் பக்கமிருந்து அதன் பார்வை மெல்ல நகர்ந்து கட்டிலோரம் வந்து நின்றது. முகத்தை இடது பக்கம் திருப்பியது. வாயைப் பிளந்தது. கன்னம் உள்ளிருந்து புடைத்தது, ஒரு விரல் அளவுக்கு. புடைப்பு மேலே போனது... கீழே வந்தது... அடங்கியது.

மடக்... மடக்... மடக்...

தொண்டை ஏறி இறங்குவதை மூன்று பேரும் பார்த்தார்கள். பாவ்லூசி கையைப் பார்த்தான். கோப்பை நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது. குழந்தையின் மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. போர்வை நனைந்தது.

குழந்தை புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டது. பாவ்லூசியைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து பேசாத குழந்தை, தெளிவாகச் சொன்னது:

“அம்மாவுக்கும் ஒரு வாய் தண்ணி குடுங்க... அவ வாயெல்லாம் உப்பு.”