ரெண்டு மெஷினுக்கும் ஒரே சுவிட்ச்

பொதட்டூர்பேட்டை பஸ் திருத்தணியைத் தாண்டியிருந்தது. முன் சீட்டில் மின்சார சப்-ஸ்டேஷனில் டெஸ்டிங் முடித்து வந்த இருவர்.

"நேத்து நான் முருகான்னு சொன்னதாலதான் சார் அந்த பிரேக்கர் மேல பழி வந்துச்சு" என்றார் இளையவர்.

"என்னய்யா சொல்ற?"

"பிரேக்கருக்கு சிக்னல் போறத என் ரெகார்டர் எழுதுது. அது திறந்து கரண்ட்ட வெட்டுறத பக்கத்து ரூம்ல உங்களுது எழுதுது. நீங்க மூணுன்னதும் ரெண்டு பேரும் ஸ்டார்ட் பண்ணணும். நான் எதத் தொட்டாலும் முருகான்னுட்டுதான் சார் தொடுவேன். அதுல என் மெஷின் அரை செகண்ட் லேட்டா கிளம்பிடுச்சு."

"அடப்பாவி! அந்த அரை செகண்டா? பிரேக்கர்தான் லேட்டு, கழட்டிடலாம்னு எழுத இருந்தேனே! பேட்டையில கரண்ட் இல்லாம தறியெல்லாம் நின்னு போயிருக்கும்."

"இன்னைக்கு ஒரே சுவிட்ச்சுலருந்து ரெண்டு மெஷினுக்கும் ஒயர் இழுத்தோம், ரெண்டு பேனாவும் ஒண்ணா கிளம்பிச்சு. பிரேக்கர் மேல ஒரு குத்தமும் இல்ல."

பெரியவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இன்னைக்கு சுவிட்ச்ச போட்டது நான். பயத்துல நானும் முருகான்னுதான்யா போட்டேன்."

"பரவால்ல சார். ரெண்டு மெஷினும் சேந்துதான காத்துகினு இருந்துச்சு."