எல்லாரும் இறங்கணும்

இரவு எட்டு மணி. சாத்தூரைத் தாண்டி இருக்கன்குடிக்குப் பிரிகிற ரோடு. செவ்வாய், வெள்ளி என்றால் கோயில் கூட்டம் ஜேஜே என்றிருக்கும். அன்றைக்குப் புதன்... ஈ காக்கா இல்லை.

கிட்ட வந்து உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இது நம் பாண்டிச்செல்வத்தின் மச்சான் மாரிக்கண்ணனுக்கு நடந்தது. பொய் சொல்லத் தெரியாத மனுசன். பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறான். அன்று ஆட்களை ஊரில் இறக்கிவிட்டு, தனியாகக் கேஸ் பங்க்குக்கு வந்தான். முதலாளி புதிதாக வாங்கிய சிஎன்ஜி வேன். அதில் அவன் கேஸ் அடிக்கப்போவது அதுதான் முதல் தடவை. வண்டியை நிறுத்திவிட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

பயம் இல்லாமல் இருக்குமா? போன வருஷம் வரை சொந்தமாக ஒரு ஓட்டை ஆம்னி வைத்திருந்தான். பெட்ரோல் விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அதைக் கேஸுக்கு மாற்றினான். பங்க்கில் அடித்தால் அதுவும் செலவுதானே... வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, சமையல் சிலிண்டரிலிருந்து டியூப் போட்டு, சின்ன மோட்டார் வைத்து ஏற்றிக்கொள்வான். அவன் ஒருத்தனா அப்படிச் செய்தான்?

அது போன வருஷத் தீபாவளி சீசன். அவன் பெண்டாட்டி வேலுத்தாய்க்குப் பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கிற அறையில் வேலை. வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொடாமல் ஒருநாளும் உள்ளே கால் வைக்கமாட்டாள். சேலை உரசி ஒரு பொறி வந்துவிடக் கூடாதே, அம்புட்டுக் கவனம். அன்று ஓவர்டைம். ஆம்னியில் கூட வந்தவர்கள் எல்லாம் இறங்கிப்போன பிறகும் பின் சீட்டில் அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். பாவம், தூங்கட்டும், கொஞ்ச நேர வேலைதானே என்று எழுப்பாமலே டியூபை மாட்டினான். டியூப் கழன்றது. மோட்டாரில் ஒரு பொறி... வெறுங்கையால் கதவை இழுத்தான். திறக்கவில்லை. எழுப்பியிருந்தால் உயிரோடு இருந்திருப்பாள். அந்த நினைப்புத்தான் ஒரு வருஷமாக அவனை அறுத்துக்கொண்டிருந்தது.

அந்தப் புதன்கிழமை ராத்திரி பங்க்கில் ஒரு சின்னப் பொண்ணு டியூட்டியில் இருந்தாள். அவன் இறங்கி நின்றான். கேஸ் குழாயைக் கையில் எடுத்தவள், ஜன்னல் வழியே உள்ளே பார்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

"அண்ணே, எல்லாரும் இறங்கினாத்தான் கேஸ் அடிப்போம். பின்னாடி அக்கா தூங்குறாகள்ல... எழுப்புங்க."

யாரும் இல்லையே என்றான் மாரிக்கண்ணன். நல்லாத் தெரியுதே, தலைமுடியெல்லாம் வெள்ளி மருந்து ஒட்டியிருக்கு, கன்னத்துக்குக் கையைக் கொடுத்துத் தூங்குறாக என்றாள் அவள்.

கதவை இழுத்தான். சீட்டு காலி. ஆனால் ஒரு வாடை வந்தது... கேஸ் வாடை இல்லை. கந்தகமும் தேங்காயெண்ணெயும் கலந்து, வேலை விட்டு வருகிற வேலுத்தாயின் வாடை. அவன் பயப்படவே இல்லை. அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொன்னான்.

"ஏ வேலு... எந்திரி. இறங்கு."

கிறீச்... ஸ்பிரிங் முனகியது. வண்டியின் பின்பக்கம் லேசாக மேலே எழும்பியது. அந்தப் பெண் ஓரமாக ஒதுங்கி, யாருக்கோ வழிவிட்டாள்.

கேஸ் ஏறுகிற நேரம் முழுக்கத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். முடிந்ததும் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்துவைத்தான். ஏறு வேலு, வீட்டுக்குப் போவோம், பிள்ளை ஓவியா காத்துக்கிட்டிருக்கா என்று கெஞ்சினான். ஸ்பிரிங் அசையவில்லை. வாடையும் இல்லை.

அக்கா எங்கே என்று அந்தப் பெண்ணைக் கேட்டான். விளக்கு எட்டாத கருவேலங்காட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். நடந்தே போய்விட்டார்களாம். வண்டி ரெடி, ஏறுங்க என்று இவள் கூப்பிட்டாளாம். திரும்பிப் பார்த்து, ஒன்று மட்டும் சொன்னார்களாம்.

"நான் இறங்கிட்டேன்னு அவுககிட்டச் சொல்லிரு தாயி."