மூணாவது வீதி வண்டிக் கணக்கு

மலர்விழி: அது வண்டியாங்க?

பிரபாகர்: வண்டிதான். எழுது.

மலர்விழி: ஏனுங்க, அது எதுத்த ஊட்டுப் பாப்பா ஓட்டற மூணு சக்கர சைக்கிளு.

பிரபாகர்: ஆட்டோவுக்கும் மூணு சக்கரந்தான். எழுது புள்ள.

நசுருல்லா: அண்ணா, நான் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கறேன். காதும் நல்லாக் கேக்குது.

பிரபாகர்: கேக்கட்டும் பாய். மனை உங்களுது, எதிர்க்கறது நாங்க, ரெண்டு தரப்பும் கூட உக்காந்து எண்ணிக் கையெழுத்துப் போடோணும்னு பிளானிங் ஆபீசரம்மா சொல்லிப்போட்டாங்க. இல்லாட்டி உங்களுக்கு இந்த வாசல்ல நாற்காலி ஏது?

நசுருல்லா: நாற்காலி போட்டது அக்கா. டீ குடுத்தது அக்கா. நீங்க மொறைச்சது மட்டுந்தான்.

மலர்விழி: டீயில சக்கர போதுமுங்களா பாய்?

பிரபாகர்: அவருக்கு எதுக்கு ரெண்டாவது டீ? மணி என்ன ஆச்சு?

மலர்விழி: ஒம்பதே கால்.

பிரபாகர்: வண்டி எத்தன?

மலர்விழி: இருங்க, எண்ணிப் பாக்கறேன்.

பிரபாகர்: சொல்லு மலரு.

மலர்விழி: இருபத்தி மூணு.

பிரபாகர்: நூத்தி இருபத்தி மூணா?

மலர்விழி: வெறும் இருபத்தி மூணுங்க. அதுலயும் பால்காரரு ரெண்டு. வந்தது ஒண்ணு, போனது ஒண்ணு.

நசுருல்லா: அத நான் ஒத்துக்கிட்டேன். பெரிய மனசு பண்ணி.

பிரபாகர்: கடைவீதில துணிக்கடை இருக்கறது பத்தாதுன்னு இங்க ஆறு கடை கட்டறீங்க. இதுல பெரிய மனசு வேற!

நசுருல்லா: இன்னும் கட்டலியேண்ணா. எடத்தக் கமர்சியலா மாத்தச் சொல்லி எழுதித்தான் குடுத்திருக்கறேன்.

பிரபாகர்: மாத்த உட்டாத்தானே? பத்து மணிக்குள்ள இருநூறு வண்டி காட்டிட்டா, மத்தியானம் மூணு மணிக்கு ஆபீசுல நான் பேசற பேச்சே வேற. ‘இருக்கற வண்டிக்கே ரோடு பத்தல, இதுல கடைக்கு வர்ற வண்டிய எங்க நிறுத்தறது’ன்னு கேப்பேன்.

நசுருல்லா: இருநூறு வரலைன்னா?

பிரபாகர்: உங்களுக்கு அனுமதி. நான் அப்பறம் இந்த வீதில தலை நிமிந்து நடக்க முடியாது.

மலர்விழி: யாரு உங்கள அப்படிப் பேசச் சொன்னது? நம்ம வீதிச் சங்கக் கூட்டத்துல மைக்கப் புடிச்சு, ‘இங்க கடைன்னு ஒண்ணு வந்தா நான் செயலாளரே இல்ல’ன்னீங்க.

பிரபாகர்: மைக்கு கைக்கு வந்தா வார்த்த அப்படித்தான் வரும்.

நசுருல்லா: நல்லாத்தான் பேசுனீங்க. நானே கை தட்டிட்டேன். அப்பறந்தான் என்னைத்தான் திட்டறீங்கன்னு புரிஞ்சுது.

பிரபாகர்: சிரிக்காதீங்க பாய். தெனமும் இந்நேரத்துக்கு எப்படி இருக்கும்? ஸ்கூல் பஸ்ஸு ஏழு, முட்டை வண்டி, தீவன டெம்போ... நாமக்கல்ல சிக்னலுக்குப் பயந்தவன் பூராவும் இந்த வீதிலதான் பூந்து போறான். போன மாசம் நம்ம வீதிப் புள்ள பிரவீனா உழுந்தத மறந்துட்டீங்களா?

மலர்விழி: முட்டை வண்டி ரிவர்ஸ் எடுத்ததுல சைக்கிளோட உழுந்துச்சுங்க. இன்னைக்கும் காலத் தாங்கித் தாங்கித்தான் ஸ்கூலுக்குப் போகுது.

நசுருல்லா: ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது என்ற கார்லதானேண்ணா. ஒண்ணும் மறக்கல.

பிரபாகர்: மறக்காமத்தான் கடை கட்டறீங்களா?

மலர்விழி: ஏனுங்க, டீ குடிக்கற மனுசன...

பிரபாகர்: நீ ரோட்டப் பாரு.

மலர்விழி: பாத்துட்டுத்தான் இருக்கறேன். ஒரு நாய் போகுது. அதையும் எழுதவா?

நசுருல்லா: அது சரி, இன்னைக்கு ஏன் ஒருத்தரையும் காணோம்? எந்த ஊட்டப் பாத்தாலும் பூட்டு.

பிரபாகர்: அதாங்க பாய் எனக்கும்...

மலர்விழி: முகூர்த்தமுங்க. தண்டாயுதபாணியண்ணன் ஊட்டுல எல்லாரும் ராசிபுரம் கல்யாணத்துக்கு. முத்தாயம்மாளக்கா பரமத்தி வேலூர்ல ஊடு குடி போறாங்கன்னு விடியக்காலமே கெளம்பிட்டாங்க. நமக்கே நாலு பத்திரிக்கை வந்துருக்குது.

நசுருல்லா: முகூர்த்த நாளுன்னு தெரிஞ்சேவா வண்டி எண்ண உக்காந்தீங்க?

பிரபாகர்: நல்ல நாளுன்னுதான் உக்காந்தேன்.

நசுருல்லா: முப்பது நாள் தவணை குடுத்தாங்களேண்ணா?

பிரபாகர்: நோட்டீஸ் ஒட்டுனது ஆடி அஞ்சு. ஆடில எந்தக் காரியத்தையாச்சும் தொடங்குவாங்களா?

நசுருல்லா: வண்டி எண்ணறதுக்குமா ஆடி பாப்பாங்க!

பிரபாகர்: ஜெயிக்கோணும்னு நெனைக்கற காரியமில்லியா? ஆவணி பொறந்து மொத நல்ல நாளு இன்னைக்கு. மனு குடுக்கக் கடைசி நாளும் இன்னைக்குத்தான்.

நசுருல்லா: உங்களுக்கு நல்ல நாளுன்னா, ஊருக்கும் நல்ல நாளுதானே?

பிரபாகர்: அது... எனக்குத் தோணல. மலருதான் ஆடி கழியட்டும்னா.

மலர்விழி: நான் என்னத்தக் கண்டேன்? ஆடின்னா வேண்டாம்னு எல்லாரும் சொல்றததான் நானும் சொன்னேன்.

பிரபாகர்: இரு, சந்தோஷ்குமாருக்குப் போனப் போடறேன்... அலோ, மாப்ள? உன்ற டாடா ஏஸ எடுத்துட்டு ஒடனே நம்ம வீதிக்கு வா. ஒரு இருபது சுத்து சுத்தோணும்... எதுக்கா? டீசல் நான் போடறேன், எதுக்குன்னு கேக்காதே... எங்க இருக்கற? பந்திலயா? எலைய மடிச்சுட்டு வா மாப்ள... என்ன, இன்னும் ரசமே வரலியா?

நசுருல்லா: அண்ணா, எதிர்த்தரப்பு இங்கதான் இருக்குது.

பிரபாகர்: வெச்சுட்டான். பாயசம் வரைக்கும் எந்திரிக்க மாட்டானாம்.

மலர்விழி: ஒரு காரு வருதுங்க! நிக்குது... நம்மளக் கூப்படறாங்க.

பிரபாகர்: ஏனுங், எங்க போகோணும்? ... மண்டபமா? தப்பு வழிங்க. திரும்பி மெயின் ரோட்டப் புடிச்சு நேராப் போங்க... ம், மலரு, ரெண்டு எழுது.

மலர்விழி: ஒரு காருதானுங்களே?

பிரபாகர்: வந்துச்சு, போகுதல்ல?

நசுருல்லா: பேனா அக்கா கையில இருக்கற வரைக்கும் எனக்குப் பயமில்ல.

பிரபாகர்: அதென்ன பாய், அவ மேல அத்தன நம்பிக்க?

மலர்விழி: முட்டை வண்டி! முட்டை வண்டி!

பிரபாகர்: எங்க?

மலர்விழி: போயிருச்சுங்க.

பிரபாகர்: சத்தமே வரல?

மலர்விழி: காலி வண்டி போல...

நசுருல்லா: மணி பத்து.

பிரபாகர்: உங்க கடியாரம் வேகமா ஓடும்.

மலர்விழி: நம்முளதுலயும் பத்துதானுங்க.

பிரபாகர்: மொத்தம்?

மலர்விழி: நாப்பத்தி ஒண்ணு. மூணு சக்கர சைக்கிளச் சேக்கல.

பிரபாகர்: பேனாவக் குடு. ஒரு வெள்ளக் காயிதமும் கொண்டா.

மலர்விழி: எதுக்குங்க?

பிரபாகர்: செயலாளரு வேலைய உட்டுடறேன்னு எழுதோணும். சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதல்ல?

மலர்விழி: இருங்க. எழுதாதீங்க.

நசுருல்லா: அக்கா, வேண்டாம்...

மலர்விழி: இருங்க பாய், என்னால முடியல. ஏனுங்க... ஆடி கழியட்டும்னு நான் சொன்னது சாமிக்குப் பயந்து இல்லீங்க.

பிரபாகர்: பொறகு?

மலர்விழி: தள்ளிப் போனா தவணை முடிஞ்சு போயிரும்னுதான்... அந்த மூணாவது கடை எனக்குங்க. பிளவுஸு தைக்கறதுக்கும், ஆரி ஒர்க்குக்கும். நான்தான் பாய்கிட்டக் கேட்டு வெச்சிருக்கறேன். பெட்ரூம்ல நாலு மிஷினு. நடுவுல நீங்க கால மடக்கிப் படுக்கறீங்க. வர்ற பொம்பளைங்க சமையக்கட்டுல நின்னு போட்டுப் பாக்கறாங்க, குக்கர் விசிலடிச்சாத் திடுக்குனு பயப்படறாங்க. உங்ககிட்டச் சொல்லிரலாம்னு நெனச்சேன். அன்னைக்குப் பாத்து நீங்க மைக்கப் புடிச்சுட்டீங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு.

நசுருல்லா: அக்கா மேல கோவப்படாதீங்கண்ணா. நானும் ஒண்ணு மறச்சுட்டேன். கடைக்கு வாசலு இந்த வீதில இல்ல.

மலர்விழி: என்னது?

நசுருல்லா: போன வாரமே ஆபீசுல கூப்பிட்டுப் பிளான மாத்தச் சொல்லிட்டாங்க. யாரோ மனு குடுத்திருக்கறாங்க. ஆறு கடைக்கும் வாசலு ஏரி ரோட்டுப் பக்கம், வண்டி நிறுத்த உள்ளயே எடம், நம்ம வீதிப் பக்கம் வெறும் செவுரு. நாயந்தானேன்னு நானும் ஒத்துக்கிட்டேன். இத அண்ணங்கிட்டச் சொன்னா மறுபடியும் மைக்கப் புடிப்பாருன்னுதான் சொல்லல.

மலர்விழி: யாருங்க குடுத்தது?

நசுருல்லா: பேரச் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. மனுவோட கடைசில இன்னொண்ணும் கேட்டிருந்தாங்களாம். அதப் படிச்சுட்டு ஆபீசரம்மா சிரிச்ச சிரிப்பு இருக்குதே... என்னன்னு எங்கிட்டக் காட்டவே இல்ல.

மலர்விழி: ஏனுங்க, திட்டறதுன்னாத் திட்டிருங்க. இப்படிச் சும்மா உக்காந்திருக்காதீங்க.

பிரபாகர்: நீயாச் சொல்லுவீன்னு ஒரு மாசமாக் காத்துட்டிருந்தேன் மலரு.

மலர்விழி: தெரியுமுங்களா!

பிரபாகர்: நோட்டீஸ் ஒட்டுன மறுநாளே போய்ப் பிளானப் பாத்துட்டேன். அஞ்சு கடை வெறும் ஹாலு. மூணாவதுல மட்டும் நாலு மிஷினுக்குப் பிளக்கு, மூலையில ஒரு ட்ரையல் ரூமு. இந்த வீதில நாலு மிஷின் வெச்சிருக்கறது யாரு?

நசுருல்லா: அப்ப அந்த மனு... அண்ணா, நீங்களா?

பிரபாகர்: வேற யாரு? பிரவீனா கால நெனச்சாச் சும்மா உட மனசு வரல. இவ மூஞ்சிய நெனச்சாத் தடுக்கவும் மனசு வரல. ரெண்டு நாள் தூங்காம யோசிச்சு, ஏரி ரோட்டுப் பக்கம் திருப்பி உட்டேன்.

மலர்விழி: அப்ப இன்னைக்கு இந்தக் கூத்தெல்லாம் எதுக்குங்க? சாப்படற மனுசனப் பந்தில இருந்து எழுப்பி...

பிரபாகர்: மைக்குல பேசிப்போட்டேனல்ல? தோத்தாலும் போராடித் தோத்த மாதிரி இருக்கோணும். எதிர்த்தரப்பே சாட்சிக் கையெழுத்துப் போடப் போகுது, இனி வீதில ஒருத்தன் வாயத் தொறக்க முடியாது.

நசுருல்லா: அடப்பாவி அண்ணா! ரெண்டு மணி நேரம் வெயில்ல உக்கார வெச்சுட்டீங்களே!

மலர்விழி: அதெல்லாம் கெடக்கட்டும். அந்த ஆபீசரம்மா எதுக்குங்க சிரிச்சாங்க? கடைசில என்ன எழுதுனீங்க?

பிரபாகர்: பிளான்ல ட்ரையல் ரூம மூணடிக்குத்தான் போட்டிருந்தாங்க. ‘பொம்பளைங்க கையத் தூக்கித் திரும்பிப் பாக்கறதுக்கு எடம் பத்தாது, அஞ்சடியா மாத்திக் குடுக்கவும்’னு எழுதி, அதுக்குக் கீழதான் கையெழுத்துப் போட்டேன்.